'பஸ் வராதாம்!' - அந்த 'ஆம்' எங்கிருந்து வந்துச்சு? இளம் நிருபர்களுக்கு ஒரு கைடு

"ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கும் 6.10 பஸ் வரலை. இதைக் கேட்க ஆளே இல்லையா? எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!"

காலேஜ் செகண்ட் இயர் படிக்கும்போது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மெசேஜ் இது. அடுத்த பத்து நிமிடத்தில் கோப ஸ்மைலிகள் வரிசையாக விழுந்தன. "அந்த ரூட்டையே தூக்கிட்டாங்களாம்" என்றார் ஒருத்தர். "டிரைவருங்க ஸ்டிரைக்காம்" என்றார் இன்னொருத்தர். "தனியார் பஸ்காரங்க காசு கொடுத்து நிறுத்திட்டாங்களாம்" என்றது மூன்றாவது மெசேஜ்.

மூன்றும் வேற வேற கதை. ஆனால், மூன்றுக்கும் வாலில் ஒரே விகுதிதான் தொங்குகிறது: 'ஆம்'. தூக்கிட்டாங்களாம், ஸ்டிரைக்காம், நிறுத்திட்டாங்களாம். 'நான் பார்க்கலை, யாரோ சொன்னாங்க' என்பதை நம்ம தமிழ் இப்படி ஒரு குட்டி விகுதியிலேயே சொல்லிவிடும். அந்த 'யாரோ' யார் என்று போய்ப் பார்த்து, 'ஆம்' இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத முடிந்தால், அதுதான் செய்தி.

நான் எழுதின முதல் செய்தி அந்த 6.10 பஸ்ஸைப் பற்றித்தான். அதில் சில விஷயங்களைச் சரியாகச் செய்தேன். ஒரு விஷயத்தில் பெரிய தப்பு செய்தேன். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்க கையில் ஒரு போனும், பத்து ரூபாய் நோட்டும், ஒரு பேனாவும் இருந்தால் போதும். வாங்க!

80 பிரதிகள், ஒண்ணே முக்கால் ரூபாய்

முதலில் ஒரு சந்தேகத்தை க்ளியர் பண்ணிடுவோம். "ஜர்னலிசம் படிச்சவங்கதானே இதெல்லாம் பண்ண முடியும்?"

1878-ம் வருஷம். சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள். இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள், நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக டி.முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை, ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் எழுத இந்த இளைஞர்களுக்கு ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி வெளிவந்த அந்தப் பத்திரிகைதான் 'தி இந்து'.

அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. நான்கு வருஷம் கழித்து, 1882-ல் அவர் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு அந்தப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக ஒரு இளைஞர் சேர்ந்தார். பெயர் சுப்பிரமணிய பாரதி. அவருக்கும் வயது 22-ஐ ஒட்டித்தான் இருக்கும். இவர்கள் யாரும் ஜர்னலிசத்தில் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர்கள் இல்லை. பத்திரிகை நடத்தித்தான் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள்.

"அது அந்தக் காலம்" என்பீர்களா? 2002-ல் உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். அதிகம் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்களும் அவர்களில் உண்டு. தங்கள் வட்டார மொழியிலேயே ஊர்ச் செய்தி எழுதினார்கள். பின்னாளில் அச்சிலிருந்து டிஜிட்டலுக்கு மாறி, செல்போனிலேயே வீடியோ செய்தி எடுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

'தி இந்து'வின் முதல் இதழ் 80 பிரதிகள்தான். உங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

புகாரைக் கேள்வியா மாத்துங்க

'பஸ் வரலை' என்பது புகார். புகாரை வைத்துக்கொண்டு கோபப்படலாம், செய்தி எழுத முடியாது. அதை உடைத்துக் கேள்விகளாக மாற்ற வேண்டும். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி - இந்த ஆறு கேள்விகள்தான் எல்லா நியூஸ் ரூமிலும் முதல் பாடம்.

6.10 பஸ் எந்தெந்த நாள் வரலை? எப்போதிலிருந்து? அது வராவிட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? அந்த பஸ்ஸை நம்பி இருப்பவர்கள் யார்? ஏன் வரலை? இதில் 'ஏன்' என்ற கேள்விக்குக் கடைசியில்தான் பதில் கிடைக்கும். குரூப்பில் எல்லாரும் முதலிலேயே அதற்குத் தாவியதால்தான் மூன்று கதை கிளம்பியது.

நான் செய்தது ரொம்ப சிம்பிள். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் சாயங்காலம் 5.50-க்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். ஐந்து நாளில் இரண்டு நாள் பஸ் வந்தது. மூன்று நாள் வரலை.

கவனிங்க. 'பஸ் வர்றதே இல்லை' என்ற மெசேஜ் தப்பு. 'ரூட்டையே தூக்கிட்டாங்க' என்பதும் தப்பு. '5 நாளில் 3 நாள் வரலை' என்பதுதான் உண்மை. கேட்க அவ்வளவு காரமாக இல்லைதான். ஆனால் இதை யாராலும் மறுக்க முடியாது. 'வர்றதே இல்லை' என்று எழுதியிருந்தால், "செவ்வாய்க்கிழமை வந்துச்சே" என்ற ஒரே பதிலில் என் செய்தி மொத்தமும் காலி.

நோட்டுல மூணு பத்தி போடுங்க

என் சீனியர் அக்கா ஒருத்தங்க சொல்லிக்கொடுத்த டெக்னிக் இது. நோட்டுப் பக்கத்தில் கோடு போட்டு மூன்றாகப் பிரிங்க. பார்த்தது, கேட்டது, நினைச்சது.

'பார்த்தது' பத்தியில்: "திங்கள். 6.10 வரலை. 7.40 பஸ் 7.52-க்கு வந்தது. ஸ்டாப்பில் 23 பேர். 14 பேர் மாணவிகள். தெருவிளக்கு எரியலை."

'கேட்டது' பத்தியில்: "பூக்கடை அம்மா - 'ஒரு மாசமாவே இப்படித்தான் கண்ணு'."

'நினைச்சது' பத்தியில்: "டிப்போவில் யாருக்கும் அக்கறையே இல்லை."

முதல் இரண்டு பத்திதான் செய்திக்குள் போகும். மூன்றாவது பத்தி நமக்கு மட்டும். அதை எழுதவே கூடாது என்பதில்லை, மனசில் ஓடுவதை எழுதிவைத்தால்தான் அது மற்ற இரண்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையாது. "பயணிகள் கொதிப்பு" என்று எழுதத் தோன்றினால் நோட்டைப் பாருங்க. அன்னைக்கு உண்மையில் யாராவது கொதிச்சாங்களா? பெரும்பாலும் அலுத்துப்போய்ப் போன் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

போனில் ரெக்கார்டு செய்யலாம். ஆனால் 'ரெக்கார்டு பண்ணிக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான். ரெக்கார்டு ஓடினாலும் முக்கியமானதை நோட்டில் எழுதுங்க. சார்ஜ் போகும், லாரி ஹார்ன் குரலை முழுங்கும். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் கால அட்டவணை போர்டை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. '6.10' என்பது ஊர்ப் பேச்சா, போர்டிலேயே இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பெயர் கேட்டால் இனிஷியலோடு கேளுங்க. சின்ன 'ன'வா, பெரிய 'ண'வா என்று அவங்க எதிரிலேயே எழுதிக் காட்டுங்க. ஒரே தெருவில் ரெண்டு சரவணன் இருப்பாங்க. நீங்க ஒருத்தர் சொன்னதை எழுத, அடி இன்னொருத்தருக்கு விழக் கூடாது.

'ஆமா'னு பதில் வந்தா, கேள்வி சரியில்லை

முதல் நாள் ஒரு மாணவியிடம் கேட்டேன்: "பஸ் வராததால கஷ்டமா இருக்கா?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். கேள்விக்குள்ளேயே நான் பதிலை வச்சுட்டேன். அடுத்த நாள் அதே பொண்ணிடம் வேறு மாதிரி கேட்டேன்: "நேத்து 6.10 பஸ் வரலையே, அதுக்கப்புறம் என்ன பண்ணின?"

"ஏழே முக்கால் பஸ்ல போய் இறங்கினா, வீட்டுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும்க்கா. இருட்டு. அப்பா வந்து நிப்பாரு. அவருக்கு மில்லுல நைட் ஷிஃப்ட். என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டுப் போனா லேட்டு, ஷிஃப்ட் கிடைக்காது. இந்த மாசம் நாலு நாள் சம்பளம் போச்சு. பேசாம காலேஜை விட்டு நின்னுடவான்னு அம்மா கேக்குறாங்க."

பஸ் வராததுக்கு ஒரு வீட்டின் நாலு நாள் கூலி விலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேட்டி எடுப்பதற்கு இன்னும் சில டிப்ஸ்:

* நீங்க யார், எதுக்காகக் கேட்கிறீங்க, எங்கே வெளியாகும் என்பதை முதலிலேயே சொல்லிடுங்க.
* சுலபமான கேள்வியில் ஆரம்பிங்க. சங்கடமான கேள்வியைக் கடைசிக்கு வைங்க.
* அவங்க பேசி நிறுத்தினதும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாதீங்க. மூணு செகண்ட் சும்மா இருங்க. பல நேரம் முக்கியமான வாக்கியம் அதுக்கப்புறம்தான் வரும்.
* "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்க. 'ஆம்' எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் கேள்வி இதுதான்.
* கிளம்பும்போது, "நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்கா? வேற யார்கிட்ட பேசலாம்?" என்று கேளுங்க.

யார் மேல் குறை சொல்கிறோமோ, அவங்ககிட்டயும் கட்டாயம் பேச வேண்டும். நான் டிப்போவுக்குப் போய்க் கிளை மேலாளரைப் பார்த்தேன். 'ஏன் சார் பஸ் விட மாட்டேங்கறீங்க?' என்று கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார். 'திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் 6.10 டிரிப் வரலை சார், என்ன காரணம்?' என்று கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார். "பார்க்கிறோம்" என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லைதான். பரவாயில்லை. அந்த 'பார்க்கிறோம்' என்பதையும் தேதியோடு எழுத வேண்டும். பதிலே சொல்லாவிட்டால், எப்போது கேட்டோம், பதில் வரவில்லை என்பதை எழுத வேண்டும்.

ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி...

'ஒரு பஸ்ஸுக்கு இவ்வளவு செக்கிங்கா?' என்று தோன்றலாம். சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம்ம மாநிலமே பார்த்திருக்கிறது.

2018 மே மாதம், 'குழந்தை கடத்தும் கும்பல் நடமாட்டம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உறவினர்களோடு கோயிலுக்குப் போன, 60 வயதைக் கடந்த ஒரு சென்னைப் பெண், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர் என்று நினைத்துக் கூட்டம் அடித்ததில் அவர் இறந்தே போனார். அதே வருஷம் இந்தியாவின் பல மாநிலங்களில் இதுபோன்ற கொலைகள் நடந்தன. அதற்கப்புறம்தான், ஜூலையில், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. சம்பந்தமே இல்லாத வேறு சம்பவங்களின் வீடியோக்களை எடுத்து இப்படிப் பரப்புகிறார்கள் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. ஆனால், அதற்குள் பல தொழிலாளர்கள் பயந்துபோனார்கள். பீகார் அரசே ஒரு குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பி நிலைமையை நேரில் பார்க்கவைத்தது.

ஒரு போட்டோ, வீடியோ வந்தால் நம்ம போனிலேயே செய்யக்கூடிய செக்கிங் இவை. போட்டோவையோ, வீடியோவின் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டையோ கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. அதே படம் பழைய தேதியில் வேற ஊர்ச் செய்தியில் இருந்தால் கதை முடிஞ்சது. கடை போர்டு எந்த மொழி, வண்டி நம்பர் பிளேட் எந்த மாநிலம், மழையா வெயிலா என்று பாருங்க. அப்புறம், ஒருவரையொருவர் சாராத இரண்டு பேராவது அதே விஷயத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்க. ஒரே மெசேஜைப் படித்துவிட்டுச் சொல்லும் பத்துப் பேர், பத்து சாட்சி கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு 'ஆம்'தான்.

ஏ.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்துப்பிழை பார்க்க, நீளமான ஆடியோவை எழுத்தாக்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால், தெரியாததைக் கேட்டாலும் தெரிந்த மாதிரியே பதில் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. அதனிடமிருந்து வாங்கும் பெயர், தேதி, எண் எதையும் நேரடியாக எழுதாதீங்க. பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும் வேலை நம்மளோடதுதான்.

எழுதும்போது...

என் முதல் டிராஃப்ட் இப்படி ஆரம்பித்தது:

"போக்குவரத்து என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகும். ஆனால், அதிகாரிகளின் மெத்தனப்போக்கால் மாணவர்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகின்றனர்."

சீனியர் அக்கா படித்துவிட்டு, "இதுல பஸ் எங்க?" என்று கேட்டாங்க. எந்த ஊர், எந்த பஸ், எந்த நாள்? எதுவுமே இல்லை. ஸ்கூல் கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தேன். மாற்றி எழுதினது இது:

"சாயங்காலம் 6.10 மணி டவுன் பஸ், கடந்த வாரம் ஐந்து நாளில் மூன்று நாள் வரவில்லை. அடுத்த பஸ் 7.40-க்குத்தான். கல்லூரியிலிருந்து திரும்பும் மாணவிகள் ஒன்றரை மணி நேரம் விளக்கில்லாத நிறுத்தத்தில் காத்திருக்கிறார்கள்."

முக்கியமானது முதலில், அடுத்த முக்கியமானது அடுத்து, கூடுதல் விவரம் கடைசியில். இதைத் 'தலைகீழ் பிரமிடு' என்பார்கள். போனில் படிப்பவர்கள் பாதியிலேயே ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போனாலும், முக்கியமான விஷயம் அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கொஞ்சம் நீளமான கட்டுரை என்றால், ஒரு மனிதரின் கதையில் ஆரம்பித்துப் பிறகு பெரிய விஷயத்துக்குப் போகலாம். எப்படி எழுதினாலும், எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசியுங்க. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைங்க. 'சொல்லொணா', 'மெத்தனம்' மாதிரி வார்த்தைகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு எண்ணையோ, ஒரு காட்சியையோ வைங்க.

கண்டக்டர் அண்ணனுக்கு நான் செஞ்சது

இப்போ அந்தத் தப்புக்கு வர்றேன்.

பஸ் வந்த இரண்டு நாளில் ஒரு நாள், கண்டக்டர் அண்ணனிடம் பேசினேன். நல்ல மனுஷர். "டிரைவருக்கு ஆள் பத்தலம்மா. யாராச்சும் லீவு போட்டா இந்த டிரிப்பைத்தான் கட் பண்ணுவாங்க" என்றார். குரூப்பில் ஓடிய மூன்று கதைக்கும் அதுதான் உண்மையான பதில். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டேன். செய்தியில் அவர் சொன்னதைப் பெயரோடு போட்டேன்.

செய்தி வெளியானது. இரண்டு வாரத்தில் 6.10 பஸ் தினமும் வர ஆரம்பித்தது. குரூப்பில் என்னைப் பாராட்டி மெசேஜ் குவிந்தது. ஆனால், பஸ்ஸில் அந்த அண்ணன் இல்லை. வெளியாள்கிட்ட பேசியதற்கு மெமோ கொடுத்து, தூரத்து ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. 'மாத்திட்டாங்களாம்' இல்லை. அவரையே தேடிப் போய்க் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ எழுதினது தப்பில்லம்மா. பேரைப் போடட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் எழுதின ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும், உண்மையைச் சொன்னவர் அதற்கு விலை கொடுத்தார், நான் பாராட்டு வாங்கினேன். 'யார் சொன்னது?' என்று தேடுவதை மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னவருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதும் அதே வேலையின் இன்னொரு பாதி என்பது அன்னைக்குத்தான் புரிந்தது.

அதனால் இப்போது யாரிடம் பேசினாலும் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்: "இதை எழுதலாமா? உங்க பேரைப் போடலாமா? பேர் வேண்டாம்னா எப்படிக் குறிப்பிடலாம்?" அமைச்சருக்கோ அதிகாரிக்கோ அவர் பேசினால் என்ன ஆகும் என்று தெரியும். கண்டக்டர், தூய்மைப் பணியாளர், மில் தொழிலாளி, ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் அது தெரியும் என்று நாம் நினைக்கக் கூடாது. சொல்லிப் புரியவைக்க வேண்டியது நம்ம வேலை. காலேஜை விடலாமா என்று யோசித்த அந்த மாணவியின் பெயரை, நல்லவேளையாக, அக்கா சொல்லித்தான் எடுத்தேன்.

சில இடங்களில் சட்டமே கோடு போட்டிருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளி, வீடு என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் தடைசெய்கிறது. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். தற்கொலைச் செய்திகளில் அது எப்படி நடந்தது என்ற விவரத்தை எழுதக் கூடாது, பரபரப்பாக்கக் கூடாது என்று இந்திய பிரஸ் கவுன்சில் வழிகாட்டுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும், அதுவும் வெளியிடுவதுதான்.

பத்து ரூபாயில் ஒரு சாட்சி

கண்டக்டர் அண்ணன் பெயர் இல்லாமலே அந்தச் செய்தியை எழுதியிருக்க முடியுமா? முடியும். அதைத்தான் அடுத்து கற்றுக்கொண்டேன்.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.ஐ. ஒரு வெள்ளைத்தாளில் கேள்விகளை எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கேயும் கேள்விதான் முக்கியம். 'ஏன் பஸ் விடவில்லை?' என்று எழுதினால் பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தருவார்கள். இப்படிக் கேட்க வேண்டும்: "இந்த வழித்தடத்தில் மாலை 6.10 மணி நடை, கடந்த மூன்று மாதங்களில் எந்தெந்தத் தேதிகளில் இயக்கப்பட்டது, எந்தெந்தத் தேதிகளில் ரத்து செய்யப்பட்டது? கிளையில் அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர் பணியிடங்கள் எத்தனை, காலியாக உள்ளவை எத்தனை?"

பதில் வந்தால், அரசு ஆவணமே உங்க சாட்சி. ஒரு தாளுக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

செய்தி தேடிப் போக இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, கிராம சபைக் கூட்டம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று குறிப்பிட்ட நாள்களில் நடக்கும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். இன்னொன்று, திங்கள்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். ஒரு திங்கள்கிழமை காலையில் அங்கே போய், மனுவோடு காத்திருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. ஒரு மாவட்டமே பேசும்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்க்

கற்றுக்கொண்டதைத் தனியாக வைத்திருந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். நானும் மூன்று ஜூனியர்களும் ஞாயிறு காலையில் எங்கள் ஊர் நூலக வராண்டாவில் ஒரு மணி நேரம் உட்கார்கிறோம். இதற்கு 'டெஸ்க்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம்.

ஆளுக்கு 200 வார்த்தையில் ஒரு செய்தி. மேலே போனால் டீ வாங்கித் தரணும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் சிவப்புப் பேனாவோடு படிப்பார். 'நல்லா இருக்கு', 'சூப்பர்' என்று சொல்லத் தடை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளில் ஒன்றைத்தான் எழுதலாம். 'யார் சொன்னது?' 'எத்தனை?' 'இதைப் போட்டா யாருக்கு என்ன ஆகும்?' மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த வாக்கியம் பாஸ்.

கடைசிப் பக்கத்தில் ஒரு 'தப்பு நோட்டு'. வெளியான பிறகு தெரிந்த தவறுகளைத் தேதி போட்டு எழுதுவோம். முதல் வரி கண்டக்டர் அண்ணனைப் பற்றி நான் எழுதினது. புதுசாக வரும் ஜூனியர்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால்தான், நமக்கே எது அரைகுறையாகத் தெரியும் என்பது வெளியே வரும். 'ரெண்டு பேர்கிட்ட கேட்டா போதுமா அக்கா? ரெண்டு பேரும் ஒரே வீடா இருந்தா?' என்று ஒரு பிளஸ் ஒன் பையன் கேட்டான். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

எழுதினதை வெளியே அனுப்பவும் வழி இருக்கிறது. தமிழ் வார இதழ்களின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டங்கள் வழியாகப் பல பேர் இந்தத் துறைக்கு வந்திருக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது கண்ணைத் திறந்து வைங்க. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' இணையதளம், கிராமப்புற மக்களின் வாழ்க்கையைத் தமிழ் உட்பட பல மொழிகளில் பதிவு செய்கிறது. மாணவர்கள் எழுதியதையும் வெளியிடுகிறது. அவர் 'ஒரு நல்ல வறட்சி எல்லோருக்கும் பிடிக்கும்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1996-ல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்துக்காக, நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் அலைந்தார். நம்ம ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு.

இந்த வாரத்துக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க குரூப்பில் அடுத்து வரும் 'ஆம்' மெசேஜ் ஒன்றை எடுங்க. 'ரேஷன் கடையில பருப்பு இல்லையாம்', 'டேங்க் தண்ணியில புழுவாம்', எதுவானாலும் சரி. ஃபார்வேர்டு பண்ணாதீங்க. நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்க. மூன்று பத்தி போடுங்க. 'ஆம்' இல்லாமல் ஐந்து வாக்கியம் எழுதி, ஒரு ஃப்ரெண்டிடம் சிவப்புப் பேனாவைக் கொடுங்க. அதற்கு முன்னாடி, உங்ககிட்ட பேசினவங்ககிட்ட திரும்பிப் போய், 'உங்க பேரைப் போடலாமா?' என்று கேட்டுட்டு வந்துடுங்க.